கோகிலவாணி வண்டியின் முழு விலை

கரட்டூரைப் பற்றித் தெரியாதவர்கள் தயவுசெய்து குறுக்கே பேசாமல் கேளுங்கள், ஏனென்றால் நான் மரகதம், பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறவள், பிறப்புச் சான்றிதழிலிருந்து இறப்புச் சான்றிதழ்வரை இந்த ஊரில் எந்தக் காகிதமும் என் மெஷினைத் தாண்டாமல் போனதில்லை, ஆகையால் இங்கே நடந்தது எது நடக்காதது எது என்று என்னைவிடச் சரியாகச் சொல்ல ஆள் கிடையாது. போர்வெல் போடுகிற ரிக் லாரிகளைக் கட்டுகிற ஊர் எங்களுடையது. ராஜஸ்தான் மணலில் தண்ணீர் பீறிட்டு வந்தாலும் சரி, ஆப்பிரிக்காவில் ஏதோ பேர் தெரியாத கிராமத்தில் வந்தாலும் சரி, அந்த லாரிக்கு அடியில் குனிந்து பார்த்தால் எங்கள் ஊர்க்காரன் பேர் இருக்கும். அந்தத் திமிர் எங்களுக்கு உண்டு. இல்லையென்று பொய் சொல்லமாட்டேன்.

அந்த ஊரில்தான் கோகிலவாணி இருக்கிறாள். இரண்டு வயதில் போலியோ வந்து இரண்டு கால்களும் சூம்பிப்போனவள், வண்டியை விட்டு இறங்கினால் கைகளை ஊன்றித்தான் நகர்வாள், ஆனால் அந்தக் கைகள் இருக்கின்றனவே, அர்த்தநாரி பட்டறையில் பதினாறு வருஷமாக வெல்டிங் பிடிக்கிற கைகள், அவள் பற்றவைத்த இடம் விட்டுப்போச்சு என்று ஒரு லாரியும் இதுவரை திரும்பி வந்ததில்லை, மற்ற இடமெல்லாம் உடைந்து வரும், அவள் வைத்த இடம் மட்டும் வைத்தது வைத்தபடி இருக்கும். வாய் கொஞ்சம் நீளம். கொஞ்சமென்ன, நன்றாகவே நீளம். எனக்குச் சரிக்குச் சரி பேச இந்த ஊரில் அவளை விட்டால் ஆளில்லை என்பதால் எனக்கு அவளைப் பிடிக்கும்.

முன்பு அவளிடம் ஒரு ஸ்கூட்டர் இருந்தது, பின்னால் இரண்டு பக்கமும் சக்கரம் வைத்துக் கட்டியது. ஒருநாள் பட்டறை வாசலில் அது நின்றுகொண்டிருந்தபோது ரிவர்ஸில் வந்த ஒரு லாரி அதை அப்பளமாக்கிவிட்டுப் போய்விட்டது. இன்சூரன்ஸ் கம்பெனியில் காகிதம் கொடுத்தோம், நான்தான் எல்லாம் நகல் எடுத்துக் கொடுத்தேன், வந்த பதிலில் ஸ்கூட்டருக்கு வயதைக் கழித்து ஏதோ ஒரு தொகை போட்டிருந்தார்கள், பக்கச் சக்கரங்களுக்கு எதிரே பூஜ்யம் என்று போட்டிருந்தார்கள், வண்டி கம்பெனி கொடுத்த சாமான் இல்லையாம். அந்தப் பூஜ்யத்தால் அவள் எட்டு மாதம் கேஸ் சிலிண்டர் ஏற்றுகிற ஆட்டோவில் சிலிண்டரோடு சிலிண்டராக உட்கார்ந்து வேலைக்குப் போனாள், ஆட்டோ வராத நாளில் வீட்டிலேயே கிடந்தாள்.

“எனக்குக் கோவம் காசு மேல இல்லீங்க்கா,” என்றாள் என்னிடம். “அந்தப் பூஜ்யத்து மேல. ஸ்கூட்டரு ரெண்டு சக்கரத்துல எனக்கு என்ன வேலைங்க? அந்தப் பக்கச் சக்கரந்தான் வண்டி. அதைப் போயி பூஜ்யம்னு எழுதியிருக்கறானுங்க.”

எட்டாவது மாதம் அவள் தானே ஒரு வண்டி கட்ட ஆரம்பித்தாள். பட்டறை ஸ்டோர்காரர் தன் பழைய மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து கொடுத்தார், பழைய இரும்புக் கடை முகைதீன் பாய் பஸ் டிரைவர் சீட் ஒன்றைத் தலையில் சுமந்துகொண்டு வந்தார், ஒருவர் பவர் டில்லர் அச்சு, ஒருவர் இரண்டு சக்கரம், ஒருவர் ரிக்கைத் தூக்கி இறக்குகிற கைப்பிடி நெம்புகோல், பெயிண்டர் சுப்பிரமணி மயில்கழுத்து நிறத்தில் பெயிண்ட் கலந்து கொடுத்தார், இப்படிப் பதினேழு பேர் கொடுத்ததை அவள் தரையில் உட்கார்ந்து, புரண்டு, மல்லாந்து படுத்துப் பற்றவைத்தாள். கியரும் கையில், பிரேக்கும் கையில். எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு, ஒரு வண்டியைக் கட்டுவதில் யார் கை வைத்தாலும் அவர்கள் பேரை இரும்பு எழுத்தால் வண்டியின் அடிவயிற்றில் அடித்துவிடுவோம், மேலே ஓனர் பேர் ஊரறிய இருக்கட்டும், அடியில் எங்கள் பேர் இருக்க வேண்டும். அவளும் பதினேழு பேரையும் அடித்தாள். பதினெட்டாவதாகத் தன் பேரை அடித்தாள். பிறகு நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிக் கிளப்பிக்கொண்டு நேராக ரேஷன் கடைக்குப் போனாள்.

ரேஷன் கடைக்கு மூன்று படி. அத்தனை வருஷமும் அவள் ரோட்டிலிருந்து கூப்பிட்டுத்தான் அரிசி வாங்கியிருக்கிறாள். அன்றைக்கு முன்சக்கரம் படிக்கு ஒரு முழம் இருக்கும்போதே, வெயிலில் வேலை செய்துவிட்டு வந்த மாடு முன்னங்காலை மடக்கிப் படுக்குமே, அந்த மாதிரி மூன்று படியும் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்துக்கொண்டன. வண்டி வழுக்காமல் குலுங்காமல் மேலே போயிற்று. எடை போடுகிற சாமியப்பன் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார்.

“அம்மிணி, பிரேக்கைப் போட்டுட்டுக் கார்டைக் குடு, பின்னால ஆளு நிக்குது,” என்றார்.

அவ்வளவுதான். அவள் அரிசி வாங்கிக்கொண்டு இறங்கிப் போனதும் படிகள் எழுந்து உடம்பை உதறிக்கொண்டு பழையபடி நின்றன. ஏன் படுத்தன, எப்படிப் படுத்தன என்று யாரும் கேட்கவில்லை, பூமிக்குள் ஆயிரம் அடி இறக்கித் தண்ணீர் எடுக்கிற ஊரில் மூன்று படி படுப்பது ஒரு சங்கதியா? எங்களுக்கு அதைவிட முக்கியமான கவலைகள் இருந்தன. யார் முதலில் அவள் பின்னால் போவது என்பது முதல் கவலை. சிலிண்டர் போடுகிற பொன்னுரங்கம் மாடிவீட்டுச் சிலிண்டர்களை எல்லாம் அவள் வருகிற நேரத்துக்கு ஒதுக்கி வைத்தார், மாடியில் இருக்கிற எலும்பு டாக்டரிடம் போக வேண்டிய முட்டிவலிக்காரர்கள் அவளிடம் நாள் கேட்டு வரிசையில் நின்றார்கள், கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளை வீட்டார் சீர்த்தட்டுகளோடு அவள் பின்னால் ஊர்வலமாக ஏறினார்கள், படுத்த படியில் வடகம் காயப்போட வந்த ஒருத்தியைத் திட்டி அனுப்பினோம். மாரியம்மன் கோயிலில் படியேறி வருவதாக வேண்டிக்கொண்டவர்கள் மட்டும் முணுமுணுத்தார்கள், ஏற வேண்டிய படி படுத்துக் கிடந்தால் வேண்டுதல் எப்படிக் கணக்காகும் என்று, அவர்களுக்காகப் பூசாரி, “வாணி, நீ உள்ள கும்புட்டுட்டு சட்டுனு கெளம்பீரு, படி எந்திரிக்கோணும்,” என்பார். பேரூராட்சியில் ஒரு தீர்மானமே போட்டார்கள், படுக்கிற படிகள் கால்மணி நேரத்துக்குள் எழுந்துவிட வேண்டும் என்று. அந்தத் தீர்மானத்துக்கும் நகல் என் கடையில்தான் எடுத்தார்கள்.

ஊரில் அவளுக்குப் படுக்காத படிக்கட்டு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது என் கடைக்குப் பக்கத்தில், மேலே இருக்கிற இன்சூரன்ஸ் ஆபீசுக்குப் போகிற இருபத்திரண்டு படி.

பழைய மோட்டார் சைக்கிளுக்கு ஸ்டோர்காரர் கட்டியிருந்த இன்சூரன்ஸ் ஆடி முடிகிறவரை இருந்தது. நாலு சக்கரம் வைத்துக் கட்டியதை ஆர்.டி.ஓ. ஆபீசில் காட்டி அவள் எழுதி வாங்கிவிட்டாள், அதில் பிரச்சினை இல்லை. ஆடிக்குப் பிறகு புதிதாக எடுக்க வேண்டும், அதை முழு விலைக்கு எடுக்க வேண்டும், பக்கச் சக்கரம், அச்சு, நெம்புகோல், சீட்டு, பற்றவைத்த கூலி என்று ஒவ்வொன்றையும் எழுதி எதிரே அதன் விலையை எழுத வேண்டும், இதுதான் அவள் கேட்டது. போய்ச் சொல்லலாம் என்று மாடிப்படிக்கு முன்னால் வண்டியை நிறுத்தினாள். படி படுக்கவில்லை. ஹாரன் அடித்தாள். படி அசையவில்லை. நான் கடையிலிருந்து வந்து பார்த்தேன்.

“என்னங்க்கா இது?” என்றாள்.

எனக்குப் பளிச்சென்று புரிந்துவிட்டது, காகிதத்தோடு குடித்தனம் நடத்துகிறவள் அல்லவா நான். “மேல இருக்கற காயிதத்துல உன்ற வண்டிக்கு ரெண்டே சக்கரந்தான் அம்மிணி,” என்றேன். “ரெண்டு சக்கர வண்டி எதுக்கு மாடி ஏறுதுன்னு படி நெனைக்குது. ஆபீஸ் படியல்லோ, காயிதத்துல இருக்கறதத்தான் நம்பும்.”

அவள் முகம் சிவந்துவிட்டது. “அப்படின்னா அந்தக் காயிதத்தை மாத்தாம நான் உடறதில்லீங்க,” என்றாள்.

மனுவை நான் மேலே கொண்டுபோய்க் கொடுத்தேன். மேனேஜர் ஞானசுந்தரம் நல்ல மனிதர்தான், ஆனால் விதிப்புத்தகத்தில் இல்லாத எதையும் பார்த்தால் அவருக்கு வியர்த்துவிடும். மேல்துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே, “மோட்டார் சைக்கிளுக்கு உண்டான மதிப்பு போடலாங்க, இந்தக் கட்டுன சாமானெல்லாம் சேர்க்கோணும்னா சர்வேயர் வந்து பாக்கோணும்,” என்றார். சர்வேயர் என்றால் நிலம் அளக்கிறவர் இல்லை, வண்டியைப் பார்த்து விலை போடுகிறவர்.

அந்தச் சர்வேயர் இருதயராஜ் சேலத்திலிருந்து ஒரு செவ்வாய்க்கிழமை வந்தார். ஒல்லியான ஆள், தோளில் பை, கையில் டேப், பேச்சுக் குறைவு. இங்கேதான் நாங்கள் எங்கள் ஊர்க்காரர்களால் மட்டுமே செய்யக்கூடிய ஒரு தப்பைச் செய்தோம். அவர் வருவது தெரிந்ததும் ஊரே பட்டறை வாசலில் கூடிவிட்டது, அவர் டேப்பை எடுப்பதற்குள் பொன்னுரங்கம் ஆரம்பித்தார், “ஏனுங்க சார், டேப்பெல்லாம் எதுக்குங்க, இந்த வண்டி வந்தா படி படுக்குமுங்க,” என்று, சாமியப்பன் தன் மூன்று படியைப் பற்றிச் சொன்னார், மண்டபத்துக்காரர் தன் பதினொன்றைப் பற்றிச் சொன்னார், பூசாரி அம்மன் மேல் சத்தியம் செய்தார், நான் சும்மா இருந்தேனா, நான்தான் எல்லாரையும்விட அதிகமாகப் பேசினேன், இப்படி ஒரு வண்டி லண்டனில் உண்டா, ஜப்பானில் உண்டா, இதற்குக் கோடி ரூபாய் போட்டாலும் தகும் என்று வாய் கிழியப் பேசிவிட்டு, நாற்பது பேரிடம் கையெழுத்து வாங்கிய ஒரு சாட்சிக் காகிதத்தையும் நகலோடு அவர் பையில் திணித்தேன். கோகிலவாணி சீட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு வாயையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளிடம் அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை, நாங்கள் எங்கே கேட்கவிட்டோம்! ரேஷன் கடைக்குக் கூட்டிப்போய்ப் படி படுப்பதைக் காட்டினோம். அவர் பார்த்தார், எழுதிக்கொண்டார், பஸ் ஏறினார்.

பத்தாம் நாள் கடிதம் வந்தது. படிக்கட்டுகளைச் சாய்க்கும் திறனுள்ள இயந்திரம் மோட்டார் சைக்கிள் என்ற வகையில் அடங்காது என்றும், இதனைக் கட்டுமான எந்திரமாகக் கருத வேண்டியிருப்பதால் தலைமை அலுவலகத்தின் வேறொரு பிரிவை அணுகும்படியும், இதுவரை அனுமதிக்கப்பட்ட மோட்டார் சைக்கிள் மதிப்பும் திரும்பப் பெறப்படுவதாகவும் எழுதியிருந்தது. இருந்ததும் போயிற்று. அன்றைக்கு ஆடி இருபத்தெட்டு.

ஆடிக் கடைசி நாள் சாயங்காலம் அவள் வண்டியை என் கடைக்கு முன்னால், அந்த இருபத்திரண்டு படிக்கு நேரே கொண்டுவந்து நிறுத்தி இஞ்சினை அணைத்தாள். இன்சூரன்ஸ் இல்லாத வண்டியை ஓட்டமாட்டேன் என்றாள். இன்னொரு லாரி வந்து இடித்தால் இன்னொரு பூஜ்யம் வாங்கிக்கொண்டு இன்னொரு எட்டு மாதம் சிலிண்டரோடு போக என்னால் ஆகாது என்றாள். நாங்கள் ஆறுதல் சொல்வதற்காகச் சுற்றி நின்றோம், அப்போதுதான் அவள் வாயைத் திறந்தாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது எங்களுக்கு.

“உங்களையெல்லாம் யாருங்க பேசச் சொன்னது?” என்றாள். “படியை இன்சூரன்ஸ் பண்ணோணும்னு நான் கேட்டனா? படி படுத்தா அது படியோட பெரியமனசு, இன்னைக்குப் படுக்கும், நாளைக்குப் படுக்காது, அதுக்கு நான் பொறுப்பில்லை. பத்தவெச்சது என்ற வேலை. அச்சை வெட்டிச் சேத்துனது என்ற வேலை. அந்தாளு டேப்பை எடுத்து என்ற வெல்டிங்கைப் பாக்க வந்தாரு. உங்க ஒருத்தருக்காச்சும் அதைச் சொல்லோணும்னு தோணுச்சா? ஏனுங்க்கா, உங்களுக்குமா தோணலை?”

பதினாறு வருஷமாக அவள் வெல்டிங்கைப் பற்றி வெளியூர்க்காரர்களிடம் பீற்றிக்கொள்கிற நான், கேட்க வந்த ஒரே ஆளிடம் அதை விட்டுவிட்டுப் படியைப் பற்றிப் பேசியிருக்கிறேன்.

பதினோரு நாள் அந்த வண்டி அங்கேயே நின்றது. காலையில் சிலிண்டர் ஆட்டோவில் வந்து இறங்கி, வண்டியில் ஏறி உட்கார்ந்துகொள்வாள், பட்டறையிலிருந்து சின்னச் சின்ன வேலைகளை அங்கேயே கொண்டுவந்து கொடுத்தார்கள், சாயங்காலம் ஆட்டோவில் திரும்பிப் போவாள். ஊரில் ஒரு படியும் படுக்கவில்லை. முட்டிவலிக்காரர்கள் எலும்பு டாக்டரின் மாடிக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பினார்கள், பொன்னுரங்கம் சிலிண்டரை முதுகில் ஏற்றி மூன்று மாடி ஏறி நடுவில் உட்கார்ந்துவிட்டார், ரேஷன் கடைப் படி இரண்டு பேரைத் தள்ளிவிட்டது. என் கடையிலிருந்து அவளுக்கு டீ கொடுப்பேன். என் கடைக்கு ஒரே ஒரு படிதான். நான் படிமேல் நின்று டம்ளரை நீட்டுவேன், அவள் கீழே வண்டியில் இருந்து கையை நீட்டுவாள், இரண்டு கைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி இருக்கும், நான்தான் குனிய வேண்டும். ஏழாம் நாளோ எட்டாம் நாளோ குனியும்போது எனக்கு அது உறைத்தது. இந்தக் கடை வைத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது, அந்த ஸ்கூட்டர் காலத்திலிருந்து அவள் ரோட்டில் நின்று காகிதத்தை நீட்டுகிறாள், நான் வாங்கி நகல் எடுத்து நீட்டுகிறேன், ஒரே ஒரு படி, அரை மூட்டை சிமெண்டு வேலை, அதை நான் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. புது வண்டி வந்த பிறகு படியே படுத்து அவளை உள்ளே கூட்டிவந்தது, கல்லுக்கு இருந்த யோசனை எனக்கு இல்லை. வெட்கமாகப் போய்விட்டது. அதை அவளிடம் சொல்லவும் வாய் வரவில்லை, டீயில் இன்னும் கொஞ்சம் சர்க்கரை போட்டுக் கொடுத்தேன்.

பன்னிரண்டாம் நாள் இருதயராஜ் திரும்ப வந்தார். கோகிலவாணியே அவருக்குப் போன் போட்டிருந்தாள். “சார், நீங்க ஊரைப் பாத்துட்டுப் போயிட்டீங்க, வண்டியைப் பாக்கலை,” என்று மட்டும் சொன்னாளாம். நாங்கள் அத்தனை பேரும் கூடினோம், ஆனால் வாயைத் திறக்கக்கூடாது என்று அவள் உத்தரவு, கரட்டூர் தோன்றிய நாள் முதல் அத்தனை பேர் கூடி அத்தனை அமைதியாக இருந்தது அன்றைக்குத்தான். பொன்னுரங்கம் துண்டை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தார்.

“ஒவ்வொரு சாமானுக்கும் பில் இருக்காம்மா?” என்று கேட்டார் இருதயராஜ்.

“பில்லு கெடையாதுங்க. யாரும் வித்தது இல்லீங்க, குடுத்தது.”

“பில் இல்லாம நான் எதை வச்சு எழுதறது? யார் கொடுத்தா, என்ன கொடுத்தா, எதுக்காவது ஆதாரம் வேணும்ல?”

“இருக்குதுங்க. ஆனா அதைப் பாக்கோணும்னா கீழ படுக்கோணும்.”

அவர் அவளைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், தன் வெள்ளைச் சட்டையைப் பார்த்துக்கொண்டார். பிறகு பையை என்னிடம் கொடுத்துவிட்டு, சாக்குகூடக் கேட்காமல், பஸ் ஸ்டாண்டு புழுதியில் மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் போய்விட்டார். செருப்பு மாட்டிய இரண்டு கால் மட்டும் வெளியே தெரிந்தது. உள்ளேயிருந்து குரல் வந்தது. “முகைதீன்!”

“ஆஜர்!” என்றார் பாய், கோர்ட்டில் நிற்பது போல. “சீட்டுங்க சார். பஸ் டிரைவர் சீட்டு, ஸ்பிரிங் மாத்துனது.”

“சுப்பிரமணி!”

“பெயிண்டுங்க. மூணு கோட்டு.”

இப்படிப் பதினேழு பேரையும் அவர் அடியிலிருந்து கூப்பிட்டார், பதினேழு பேரும் ஒவ்வொருவராக முன்னால் வந்து அந்தச் செருப்புக் கால்களுக்குப் பதில் சொன்னார்கள், ஒருவரும் ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லவில்லை, படி என்ற சொல்லே யார் வாயிலும் வரவில்லை. பிறகு, “கோகிலவாணி,” என்றார் மெதுவாக.

“நாந்தானுங்க.”

“நீங்க என்ன கொடுத்தீங்க?”

“இத்தனையும் ஒட்டுக்காச் சேத்துனது நானுங்க. கை நெம்புகோல்ல ஆரமிச்சு பின்னச்சு வரைக்கும் இருபத்தாறு எடத்துல பத்தவெச்சிருக்கறேன். சுத்தி தரட்டுங்களா? அடிச்சுப் பாருங்க.”

சுத்தியலைக் குனிந்து கொடுத்தாள். அவர் அடித்தார். ஒவ்வொரு இடமாக, இருபத்தாறு இடம். ஒன்றுகூடச் சொத்தைச் சத்தம் கொடுக்கவில்லை, கோயில் மணியை விரலால் சுண்டினால் வருகிற சத்தம்தான் இருபத்தாறு தடவையும் வந்தது, கூட்டத்தில் வெல்டர்கள் அத்தனை பேருக்கும் கழுத்து ஒரு விரற்கடை உயர்ந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அழுதேன் என்று எழுதிக்கொண்டாலும் ஆட்சேபணை இல்லை.

இருதயராஜ் வெளியே வந்தபோது முதுகெல்லாம் புழுதி. தட்டிவிட்டுக்கொள்ளவில்லை. என் கடைப் படியில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் எழுதினார், எழுதி முடித்து இருபத்திரண்டு படி ஏறி மேலே போனார். நாங்கள் கீழே நின்றோம். ஞானசுந்தரம் சார் படிக்கிற சத்தம் ஜன்னல் வழியாகக் கேட்டது, “இதுல படி விஷயம் எதுவும் இல்லையே?” என்று அவர் கேட்பதும், “இல்லை சார், வெல்டிங் மட்டும்தான்,” என்று இவர் சொல்வதும் கேட்டது. பிறகு மேனேஜர் கையெழுத்துப் போட்டார். போட்டது எங்களுக்கு எப்படித் தெரியும் என்றால், கீழ்ப் படி லேசாக ஒரு பெருமூச்சு விட்டது.

மேனேஜருக்கு அவசரம், நல்ல செய்தியைத் தானே கொண்டுவந்து கொடுக்க வேண்டும் என்று காகிதத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மாடிப்படியில் கால் வைத்தார், அதே நேரம் இருபத்திரண்டு படியும் மேலிருந்து கீழ்வரை வரிசையாகப் படுத்துக்கொண்டன. ஞானசுந்தரம் சார் உட்கார்ந்த நிலையில், மேல்துண்டு பறக்க, காகிதம் கசங்காமல், நேராக வந்து கோகிலவாணியின் முன்சக்கரத்துக்கு முன்னால் நின்றார். யாரும் சிரிக்கவில்லை. சரி, கொஞ்சம் சிரித்தோம்.

“ஏனுங்க சார்,” என்றாள் அவள், “நான் மேல வரோணும்னுதானே இத்தனை நாளு காத்துட்டு இருந்தேன், நீங்க எதுக்குங்க கீழ வந்தீங்க? கையெழுத்து ஆபீஸ்ல வெச்சுத்தானே போடோணும்?”

சொல்லிவிட்டு இஞ்சினைக் கிளப்பினாள். பதினோரு நாளாக அந்தச் சத்தத்துக்கு ஏங்கியிருந்தோம். மயில்கழுத்து நிற வண்டி இருபத்திரண்டு படிகளின் முதுகில் மெதுவாக, அவசரமே இல்லாமல், கவர்னர் மாளிகைக்குள் போவது போல ஏறிப் போயிற்று, பின்னால் மேனேஜர் நடந்தார், அவருக்குப் பின்னால் முகைதீன் பாய், அவருக்குப் பின்னால் ஊர். ஆபீசுக்குள் வண்டியில் உட்கார்ந்தபடியே மேஜைமேல் காகிதத்தை வைத்துப் படித்தாள். பக்கச் சக்கரம் இரண்டு என்ற இடத்தில் விரலை வைத்து நிறுத்தினாள். எதிரே பூஜ்யம் இல்லை. உரிய விலை இருந்தது. அதற்குக் கீழே, இருபத்தாறு இணைப்புகள், செய்தவர் உரிமையாளர் கோகிலவாணி, தரம் குறையற்றது என்று எழுதி, அதற்கும் எதிரே விலை இருந்தது. அந்த வரியை மட்டும் சத்தமாக மூன்று தடவை படித்தாள். பிறகு கையெழுத்துப் போட்டாள். பிறகு இருதயராஜைப் பார்த்து, “கீழ வந்துட்டுப் போங்க சார்,” என்றாள், அவர் எதற்கு என்று தெரியாமல் வந்தார், அவள் இரும்பு எழுத்துப் பெட்டியை அவர் கையில் கொடுத்தாள், “இந்த வண்டியில நீங்களும் கை வெச்சுட்டீங்க,” என்றாள். அந்த மனிதர் திரும்பவும் புழுதியில் மல்லாந்து படுத்துத் தன் பேரைத் தானே அடித்துக்கொண்டார், ‘ரு’வை மட்டும் தலைகீழாக அடித்துவிட்டார், இப்போதும் அப்படியேதான் இருக்கிறது.

மறுநாள் காலையில் நான் கொத்தனாரைக் கூப்பிட்டு என் கடைப் படியை உடைத்துவிட்டுச் சரிவாகச் சிமெண்டு போட்டேன். யாரிடமும் சொல்லிவிட்டுச் செய்யவில்லை. ஆனால் எங்கள் ஊரைப் பற்றித்தான் தெரியுமே, மரகதம் கடைக்கு மட்டும் என்ன சரிவு, எங்களுக்கென்ன சிமெண்டு கிடைக்காதா என்று சாமியப்பன் ரேஷன் கடைக்குப் போட்டார், மண்டபத்துக்காரர் அவரைவிட வழவழப்பாக, பூக்கோலம் பதித்துப் போட்டார், எலும்பு டாக்டர் கீழே ஒரு அறையை வாடகைக்கு எடுத்து இறங்கி வந்தார், ஞானசுந்தரம் சார் ஒருதரம் வழுக்கியது போதும் என்று ஆபீசையே என் கடைக்குப் பக்கத்துக் கடைக்கு மாற்றினார், வீட்டுக்காரர்கள் தலைக்கு ஒரு மூட்டை சிமெண்டு வாங்கித் தங்கள் வாசல்படிகளையும் சரிவாக்கினார்கள். கோயிலில் வேண்டுதல்காரர்கள் இப்போது சரிவில் முட்டி போட்டு ஏறுகிறார்கள், அம்மன் ஒன்றும் ஆட்சேபிக்கவில்லை.

இந்த வருஷம் ஆடியில் இன்சூரன்சைப் புதுப்பிக்க ஒரு புதுச் சர்வேயர் வந்தான், சின்னப் பையன், கையில் கம்ப்யூட்டர் பலகை. பழைய கோப்பில் நாங்கள் நாற்பது பேர் கையெழுத்துப் போட்ட சாட்சிக் காகிதம் கிடந்திருக்கிறது, அதைப் படித்துவிட்டு வந்திருக்கிறான்.

“மேடம், படி படுக்கறது இன்னும் இருக்கா? இல்லேன்னா மதிப்பைக் குறைக்கணும்,” என்றான்.

கோகிலவாணி என் கடைக்குள் வண்டியோடு நின்று ஏதோ நகல் எடுத்துக்கொண்டிருந்தாள். திரும்பாமலே காகிதத்தை நீட்டினாள். “படின்னு எங்க எழுதியிருக்குது, காட்டுங்க தம்பி,” என்றாள். அவன் மேலும் கீழும் தேடினான். சீட்டு இருந்தது, அச்சு இருந்தது, நெம்புகோல் இருந்தது, இருபத்தாறு இணைப்பு இருந்தது. படி இல்லை. அவள் சுத்தியலை எடுத்து அவன் கையில் கொடுத்தாள், அவன் அடித்தான், சத்தம் கேட்டான், சென்ற வருஷத்து விலையை அப்படியே எழுதினான். எழுதி முடித்தும் போகாமல் தயங்கி நின்றான்.

“சும்மா தெரிஞ்சுக்கக் கேக்கறேன் மேடம். உண்மையிலேயே படி படுக்குமா?”

அவள் என்னைப் பார்த்தாள். பேசலாம் என்று கண்ணாலேயே உத்தரவு கொடுத்தாள். நான் மெஷினை அணைத்துவிட்டு அவனைக் கடை வாசலுக்குக் கூட்டிவந்து, பஸ் ஸ்டாண்டு, ரேஷன் கடை, மண்டபம், கோயில் எல்லாவற்றையும் கையைச் சுற்றிக் காட்டினேன்.

“தம்பி,” என்றேன், “எங்கூர்ல படுக்கறதுக்கு ஒரு படியை நீயே காட்டு, பாக்கலாம்.”